புட்டிக்குள் சிறைப்பட்ட வாயு

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்தது கரையாம்புத்தூர். அப்பக்கத்து ஊர்களில் பனையேறுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த செய்திதான்: பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளில் ஏன் நுரை பொங்குகிறது? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதுவே நொதித்தல். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டைச் செயற்பட விடுவதில்லை.

கலயம் திறந்திருப்பதால் வாயு வெளியேறிவிடுகிறது. அது போக வழியில்லாமல் அடைத்துவிட்டால் என்ன ஆகும்? புதுச்சேரியை 1954 வரை ஆண்ட பிரான்ஸில், ஷாம்பாஞ் என்ற வட்டாரத்தார் இதைத்தான் செய்கிறார்கள். ஷார்டனே என்ற வெண்திராட்சையின் சாற்றை முதலில் தொட்டியில் நொதிக்க விடுவார்கள். அதில் உண்டாகும் வாயு போய்விடும். கிடைத்த ஒயினுடன் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, புட்டியில் ஊற்றி இறுக மூடுவார்கள். உள்ளே மீண்டும் நொதித்தல் நடக்கும்.

எவ்வளவு சர்க்கரை சேர்க்கலாம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. லிட்டருக்கு 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் லிட்டர் புட்டிக்கு 18 கிராம். அதில் ஏறக்குறைய பாதி எடை, அதாவது 9 கிராம், கரியமில வாயுவாகிறது. வெளியே விட்டால் இது சுமார் 5 லிட்டர் இடத்தை நிரப்பும்! புட்டிக்குள் அடைபட்ட இந்த வாயுவின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்தாறு மடங்கு. ஆகவேதான் கனத்த கண்ணாடியும், தக்கையைப் பிடிக்கக் கம்பிக் கட்டும் தேவைப்படுகின்றன.

முற்காலத்தில் இந்தக் கணக்கு தெரியாது. ஒரு புட்டி வெடித்தால் அருகிலிருந்தவையும் வரிசையாக வெடித்தன. நிலவறைத் தொழிலாளர்கள் இரும்பு முகமூடி அணிந்து நடமாடினார்கள். 1836-ல் ஷாலோன் நகர மருந்துக்கடைக்காரர் பிரான்சுவா என்பவர், ஒயினில் எஞ்சியுள்ள சர்க்கரையை அளந்து, மேலும் எவ்வளவு சேர்க்கலாம் என்று கணக்கிடும் முறையை வெளியிட்டார். அதன்பின் உடைசல் வெகுவாகக் குறைந்தது.

நம்மூர்க் கள்ளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பனஞ்சாற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேலும் சர்க்கரை உண்டு. மேற்சொன்ன அளவைப்போல் நான்கு மடங்கு! பாதி நொதித்த கள்ளைச் சோடாப் புட்டியில் இறுக அடைத்து வைப்பது விளையாட்டன்று. கண்ணைப் பறிகொடுக்க நேரிடும்.

சில ஷாம்பாஞ் புட்டிகளில் ஆண்டு அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்த ஓர் ஆண்டின் அறுவடையிலிருந்து மட்டும் செய்தது என்று பொருள். சட்டப்படி இதை மூன்றாண்டுகளாவது நிலவறையில் வைக்க வேண்டும். இக்காலத்தில் செத்த ஈஸ்ட் சிதைந்து, சுட்ட ரொட்டியை ஒத்த மணத்தைத் தருகிறது. பிறகு புட்டியைச் சாய்த்துச் சிறிது சிறிதாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவருவார்கள். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், வண்டல் பனிக்கட்டியோடு தெறித்து வெளியேறும். வாயு பெரும்பாலும் ஒயினிலேயே தங்கிவிடும். நம் நாட்டிலும் 1980-களில், புணே மாவட்டத்து நாராயண்காவில் இதே முறையில் ‘ஓமர் கய்யாம்’ என்ற நுரை ஒயின் தயாராகி அயல்நாடுகளுக்குப் போயிற்று.

திரவம் சூடானால் அதில் கரைந்து நிற்கும் வாயு குறையும். கரையாம்புத்தூரின் சித்திரை வெயிலில் இப்புட்டியைத் திறந்தால் பாதி நுரையாகவே வழிந்துவிடும். பனிக்கட்டியில் வைத்துத் திறப்பது சுவைக்காக மட்டுமன்று.