படர்தாமரையும் கெலெங்காங் இலையும்

"க்ரீம் பூசினா அரிப்பு அடங்குது; நிறுத்தினா மறுபடி படருதே!" ஜொகூர் செம்பனைத் தோட்டங்களில் வேர்வையோடும் ஈரக் காலணியோடும் உழைக்கும் நம்மவர் சொல்லும் குறை இது.

தோழர்களே, ஸ்டீராய்டு கலந்த க்ரீம் அரிப்பைத்தான் அடக்கும். நோய்க்குக் காரணமான காளானை வளரவிடும். மருந்தை அரைகுறையாகப் பூசி நிறுத்துவதும் ஆபத்து. மருந்துக்கு அடங்காத காளான்கள் இன்று பெருகி வருகின்றன. இந்தியாவில் பரவிய அப்படிப்பட்ட ஒன்றுக்கு 2020-இல் 'டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே' என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் மருந்துக்கே அது பல வேளைகளில் பணிவதில்லை.

ஆகவேதான் ஆய்வாளர் கண்கள் செடிகொடிகள் பக்கம் திரும்புகின்றன. வாய்க்கால் ஓரத்தில் மெழுகுவத்தி போல் மஞ்சள் பூ நிமிர்ந்து நிற்குமே, அதுதான் கெலெங்காங். நம் சீமை அகத்தி. அதன் இலையைக் கசக்கிப் படர்தாமரையில் தேய்ப்பது மலாய்க்காரர்களின் பழைய வைத்தியம். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அந்த இலையின் சத்தை ஆல்கஹாலில் இறக்கிச் சோதித்து, 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். படர்தாமரைக் காளான்களின் வளர்ச்சி தடைபட்டது. ஈஸ்ட் வகைகளோ அசைந்து கொடுக்கவில்லை!

பாட்டி வைத்தியம் பொய்யல்ல. ஆனால் அது ஆய்வுக்கூடத்துச் சோதனை, உடம்பில் நடந்ததல்ல. அடங்காத புதுக் காளான் மீதும் நடந்ததல்ல.

எனவே இலையை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள். கிளினிக்குக்குப் போய்த் தோலைச் சுரண்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். ஒருவர் துண்டை மற்றவர் தொடவேண்டாம். உழைக்கும் உடம்புதானே நம் சொத்து!