கொட்டாரத்தில் கொள்ளாத நெல்

குழந்தைகளே, ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போனால் கொட்டாரத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். வட்ட வட்டமாக, நெடுநெடுவென நிற்கும் பழைய நெற்களஞ்சியங்கள் அவை. 'அம்மாடி, எத்தனை மூட்டை பிடிக்கும்!' என்று வாயைப் பிளப்பீர்கள். அவற்றில் அடங்காத நெல் ஒன்று உண்டு.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் ராஜாவிடம் பரிசு கேட்ட கதை தெரியும் அல்லவா? முதல் கட்டத்துக்கு 1 நெல், அடுத்ததற்கு 2, பிறகு 4, 8 என்று 64 கட்டங்களுக்கும் இரட்டிப்பு. மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 நெல்மணிகள்! ஆயிரம் மணி 20 கிராம் என்று வைத்தால், சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஓராண்டில் விளைவது ஏறக்குறைய 80 கோடி டன்தான். ராஜா பாவம்!

இந்த ராட்சத எண்ணை எவையெல்லாம் மீதியின்றி வகுக்கும்? கடைசி இலக்கம் 5. எனவே 5 வகுக்கும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. எனவே 3 வகுக்கும். மற்றவை பலகையிலேயே ஒளிந்திருக்கின்றன. முதல் 4 கட்டங்களில் 15 நெல். அடுத்த 4 கட்டங்களில் அதைப்போல் 16 மடங்கு. ஆக, 8 கட்டங்களில் 15 × 17 = 255. இப்படியே 16 கட்டங்களுக்கு 257, 32க்கு 65,537, 64க்கு 4,29,49,67,297 என்று புதுப்புது காரணிகள் வந்து சேரும்.

ஸ்ரீரங்கத்தில் எட்டாம் வகுப்பு எடுத்தபோது இதைக் கரும்பலகையில் எழுதி, "இவை எல்லாமே பகா எண்கள், இதற்குமேல் உடையாது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து, அதிகம் பேசாத ஒரு பையன் நோட்டை நீட்டினான்.

"சார், கடைசி எண் உடையுது சார்."

2, 3, 5, 7 என்று 115 பகா எண்களால் வகுத்துத் தோற்று, 116வது பகா எண்ணான 641ல் பிடித்துவிட்டான்! 641 × 67,00,417. பக்கம் பக்கமாக வகுத்தல் கணக்கு. எனக்கு முகம் சிவந்துவிட்டது. சாக்பீஸை அவனிடமே கொடுத்தேன்.

அன்று மாலை, திருச்சி திரும்பும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் எனக்கு அதே நினைப்பு. பிறகு புத்தகங்களைப் புரட்டினேன். 17ம் நூற்றாண்டில் பிரான்சின் பெரிய கணித மேதை பெர்மாவும் இந்த எண்ணைப் பகா எண் என்றே நம்பினாராம். 1732ல்தான் ஆய்லர் 641ஐக் காட்டினார். ஆய்லரின் வழி சுருக்கமானது: இந்த எண்ணின் காரணி எதுவானாலும், 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 65, 129, 193... என்று போனால் பத்தாவதாக 641 வந்துவிடும்!

இந்த ரகசியம் தெரியாமலேயே அந்தப் பையன் கண்டுபிடித்தான்.

சரி, மிச்சம் இருக்கும் 67,00,417 உடையுமா? ஆய்லர் வழியில் 65லிருந்து 2,561 வரை, 40 எண்களைச் சோதித்தால் போதும். நான் சொல்லமாட்டேன், ஒருமுறை பட்டது போதும்!