இராசாளிக் கப்பலும் என் சின்னப்பாட்டனாரும்

ஏட்டுச் சுவடியில் ஒரு பாடம் ஐயத்துக்கு இடமாயிருப்பின், பதிப்பாசிரியன் வேறு ஏடுகளைத் தேடிச் செல்கின்றான். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் உ. வே. சாமிநாதையர் அவர்களும் வகுத்துத் தந்த நெறி இது. இந்நெறியை மாணவர்க்குப் பல்லாண்டுகளாகப் போதித்து வருகின்ற நான், என் குடும்பத்துக் கதையொன்றில் அதனைக் கைவிட்டேன். அப்பிழையை ஒப்புக்கொள்ளவே இதனை எழுதலானேன்.

என் ஊர் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள உடப்பு. கரைவலை இழுப்பதும், இழுக்குங்கால் அம்பா பாடுவதும் எம் முன்னோர் தொழில். அத்தகைய குடியிற் பிறந்த என் சின்னப்பாட்டனார், அதாவது என் பாட்டனாரின் தம்பியார், இரண்டாம் உலகப் போரிலே போர்விமானம் ஓட்டினார் என்பது எங்கள் வீட்டில் வழங்கிய கதை. 1942 ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானியர் கொழும்பின்மீது குண்டு வீசியபோது எதிர்த்துப் பறந்தார் என்பர் சிலர். இல்லை, கப்பலிலிருந்து பறந்தார் என்பர் வேறு சிலர்.

இரண்டு பாடங்கள் இருக்கும்போது ஆராய்வதே முறை. நானோ, சில ஆண்டுகளுக்கு முன் விழா மலரொன்றுக்குக் கட்டுரை வரைந்தபோது, இரண்டையும் ஒன்றாக்கி, ‘எம்மூர் ஈன்ற வான்வீரர்’ என்று எழுதிவிட்டேன். ஊரார் மகிழ்ந்தனர். மாணவன் ஒருவன் மட்டும், “ஐயா, அவர் எந்த அணியில் இருந்தவர்? எந்த விமானத்தை ஓட்டினவர்?” என்று கேட்டான். என்னிடம் விடை இல்லை. அன்று தொடங்கியது தேடல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும் ‘ஹரிகேன்’ விமானங்கள் எழுந்தன. அவை பிரித்தானிய விமானப்படையின் 30ஆம், 258ஆம் அணிகளைச் சேர்ந்தவை. அப்படையின் அணி ஒவ்வொன்றும் நாள்தோறும் செயற்குறிப்பேடு எழுதி வந்தது. விமானி யார், விமானத்தின் இலக்கம் என்ன, எழுந்த நேரம் எது, இறங்கிய நேரம் எது என்பன எல்லாம் அதில் இருக்கும். இலண்டன் மாநகரின் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் அக்குறிப்பேடுகளை ‘ஏர் 27’ என்ற தொகுதியிற் பேணி வைத்திருக்கின்றது. அங்கு வாழும் என் பழைய மாணவர் ஒருவர் எனக்காகப் பார்த்தார். சின்னப்பாட்டனாரின் பெயர் அகப்படவில்லை.

பின்னர் அவருடைய மகளார், எனக்கு அத்தை முறையினர், தம் பழைய தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். மடிப்புகளிற் கிழிந்த தட்டச்சுத் தாள் ஒன்று அதனுள் இருந்தது. 1945இல் கொடுக்கப்பட்ட நற்சான்றுக் கடிதம் அது. தலைப்பில் ‘எச்.எம்.எஸ். ராஜாலிய’ என்றிருந்தது. அம்மூன்றெழுத்துக்கும் ‘மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்’ என்பது பொருள். கப்பற்கதை பிறந்த இடம் எனக்குப் புலனாயிற்று.

ஆனால் அப்பெயருடைய கப்பல் எதுவும் அலைகடலில் மிதந்ததன்று. கரையிலுள்ள தளங்களுக்கும் கப்பலின் பெயரிட்டு வழங்குவது பிரித்தானியக் கடற்படையின் மரபு. புத்தளத்தில் அக்கடற்படை அமைத்த விமானத்தளமே ‘ராஜாலிய’. களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்தைத் தளத்துக்கு ‘உகுஸ்ஸா’ என்று பெயர். இரண்டும் வேட்டைப் பறவைகளைக் குறிக்கும் சிங்களச் சொற்கள். ராஜாலிய என்பது நம் இராசாளியேயன்றோ! அரக்கோணத்திலுள்ள இந்தியக் கடற்படை விமானத்தளமும் 1992 முதல் இராசாளி என்றே பெயர் தாங்கி நிற்கின்றது. எம்மூர்க்காரர் பணிபுரிந்த ‘கப்பல்’, எம்மூரிலிருந்து ஒருநாளில் நடந்து சேரக்கூடிய தரையிலேயே இருந்தது. இன்று அது இலங்கை விமானப்படையின் பாலாவித் தளம்.

ஜப்பானியத் தாக்குதலுக்குப் பின் எழுந்த தளம் அது. ஆகவே 1942ஆம் ஆண்டுக் கதையும் அதனோடு பொருந்தாது. விமானந்தாங்கிக் கப்பல்கள் துறைமுகத்தில் தங்கிய நாள்களில் அவற்றின் அணிகள் இத்தகைய தளங்களில் இறங்கிப் பயிற்சி செய்தன. புத்தளத்துக்கு வந்தவற்றுள் ‘கோர்செயர்’ என்னும் அமெரிக்கப் போர்விமானம் குறிப்பிடத்தக்கது. அதன் இயந்திரம் 2,000 குதிரைவலு உடையது. சுழலி மிகப் பெரிதாகையால், அது நிலத்தில் முட்டாதிருக்கச் சிறகுகளை அடியில் வளைத்து அமைத்தனர். பிரித்தானியக் கப்பல்களின் அறைகளுட் புகுவதற்காகச் சிறகு நுனிகள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ எட்டு அங்குலம் குறைக்கப்பட்டது. நிறைசுமையோடு ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட நிறை. மழைக்காலத்துச் சேற்றில் இவ்விமானம் ஓடுபாதையை விட்டு விலகினால் என் செய்வது? யானைகளைக் கொண்டு இழுத்தனர். யானைகளோடு மனிதரும் இழுத்தனர்.

நற்சான்றுக் கடிதத்தின் இரண்டாம் வரி அதனைத்தான் சொன்னது. ‘விமானங்களை நகர்த்தும் கூட்டத்தில் கூலியாளாக நேர்மையாகப் பணிபுரிந்தார்’ என்பது அதன் கருத்து. கடற்படை விமான அணிகளின் குறிப்பேடுகள் ‘ஏடிஎம் 207’ என்ற தொகுதியில் உள்ளன. பறந்தோரையும் பறந்தவற்றையும் பற்றிய ஏடுகளில் இழுத்தோரின் பெயரைத் தேடிப் பயனில்லை. அவருடைய போர்க்காலப் பணிக்கு எஞ்சிய ஒரே மூல ஏடு அந்தத் தகரப் பெட்டித் தாள்தான். விமானங்களும் எஞ்சவில்லை. அமெரிக்கா இரவலாக அளித்த அவற்றைப் போர் முடிந்தபின் திருப்பிக் கொடுத்தல் வேண்டும், அன்றேல் விலை கொடுத்தல் வேண்டும் என்பது உடன்பாடு. அதனால் பல விமானங்கள் கடலிலே கொட்டி அழிக்கப்பட்டன.

எஞ்சியவற்றுள் ஒன்று, ‘கேடி 431’ என்ற இலக்கமுடையது, இங்கிலாந்தில் இயோவில்ற்றன் என்னும் ஊரிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கின்றது. காட்சிக்காகப் பிற்காலத்தில் அதன்மேல் புதுவண்ணம் பூசியிருந்தனர். டேவிட் மொறிஸ் என்னும் அறிஞர் முதலானோர் அப்பூச்சைச் சிறிது சிறிதாகக் கையால் அகற்றி, அடியிலிருந்த போர்க்கால வண்ணத்தை வெளிக்கொணர்ந்தனர். பளபளப்பான மேற்பூச்சு அழகாகத்தான் இருந்திருக்கும். ஆயினும் அது இடைச்செருகல். மங்கித் தேய்ந்த அடிவண்ணமே மூலபாடம். இச்செய்தியைப் படித்தபோது எனக்கு நாணமாயிற்று. விழா மலரில் நான் பூசிய பூச்சு அத்தகையதன்றோ!

உண்மையை அத்தையிடம் எப்படிச் சொல்வதென்று பலநாள் தயங்கினேன். தந்தையின் பெருமையை மகளிடமிருந்து பறிப்பதுபோல் இருந்தது. ஒருநாள் மாலை, தாளை அவர் கையிற் கொடுத்து, மெல்லப் பொருள் சொன்னேன். அவர் சிறிதும் கலங்கவில்லை.

“தம்பி, அப்பா ஒருநாளும் ஓட்டினேன்னு சொல்லலையே. பிளேன் இழுத்தேன்னுதான் சொல்லுவாரு. கரைவலை மாதிரியே அம்பா பாடி இழுத்தோம், வெள்ளைக்காரன் சிரிச்சான்னு சொல்லுவாரு. ஓட்டினாருன்னு எழுதினது நீதானே?”

பண்டிதனாகிய எனக்கு மறுமொழி இல்லை. அவர் தம்மைப்பற்றிப் பொய் சொல்லவில்லை. அவர் செய்த தொழில் போதாதென்று கருதியவர்கள், அவருக்குப் பின்வந்த படித்தவர்களாகிய நாங்களே. சேற்றிற் புதைந்த ஐந்து தொன் இரும்பைப் பாட்டொலியால் அசைத்த கைகளுக்கு, விமானியின் கையுறை ஒன்றை அணிவித்துப் பார்க்க விரும்பினோம்.

இம்முறை வெளிவரவிருக்கும் மலருக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கின்றேன். ‘வான்வீரர்’ என்ற சொல்லை நீக்கிவிட்டேன். ‘புத்தளம் இராசாளித் தளத்தில் விமானம் இழுத்தவர்’ என்று எழுதி, கீழே அத்தை சொன்னதைச் சொன்னபடியே சேர்த்திருக்கின்றேன். அச்சுக்குப் போகுமுன் அதனை அவருக்குப் படித்துக் காட்டினேன். “இப்ப சரி” என்றார்.