மணியும் வந்தான் கடலுக்கு!

“நாயை இட்டுக்கினு யாராச்சும் கடலுக்குப் போவாங்களாம்மா? ஊரு சிரிக்காது?”

என் மாமியார் இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. கேள்வி நியாயமானதுதான். எங்கள் நெமிலியில் நாய் என்றால் வாசலில் கிடக்கும், மீந்த சோற்றைத் தின்னும், ராத்திரி குரைக்கும். அதற்கென்று ஒரு பயணமா?

ஆனால் போன வருஷத்துக் கதை எனக்கு மறக்கவில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனபோது மணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். நாலு நாள் அவன் ஒரு பருக்கை தொடவில்லையாம். திரும்பி வந்து பார்த்தால், விலா எலும்பை எண்ணலாம் போல வாசற்படியில் சுருண்டு கிடந்தான். வாலை ஆட்டக்கூடத் தெம்பில்லை. அன்றைக்கே என் சின்ன மகள் சொல்லிவிட்டாள்: “இனிமே மணி வராத ஊருக்கு நானும் வரமாட்டேன்.”

ஆகவே இந்தக் கோடையில் கடலோரத்தில் கூடாரம் போட்டு இரண்டு ராத்திரி தங்குவது என்று முடிவானபோதே, மணியும் வருகிறான் என்று முடிவாகிவிட்டது. எங்கள் ஊர் குசஸ்தலை ஆறு எண்ணூர் போய்க் கடலில் கலக்கிறது. ஆனால் எங்கள் குழந்தைகள் கடலைப் பார்த்தது என்னவோ ஒரே ஒரு தடவைதான். அதனால் வீட்டில் ஒரே குதூகலம். ஏற்பாடு மட்டும் என் தலையில். அந்த ஒரு மாத அனுபவத்தைத்தான் சொல்லப் போகிறேன். நாய் வளர்க்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

முதலில் டாக்டர்

ஒரு மாதம் முன்பே மணியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெறிநாய்க்கடி தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதலில் போட வேண்டும். பிறகு ஒரு பூஸ்டர். அப்புறம் வருஷா வருஷம். முதல் தடவை ஊசி போடும் நாய்க்கு உடம்பில் பலன் பிடிக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். கிளம்புகிற அன்று போட்டுக்கொண்டு ஓடுவதில் பிரயோசனமில்லை.

பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்த மருந்தைக் கொடுத்தது 1885 ஜூலை 6-ம் தேதி. நூற்று நாற்பது வருஷம் ஆகிறது. ஆனால் இன்றும் வெறிநோய் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக மிக அரிது. புது இடத்தில் உங்கள் நாய் ஊர் நாய்களோடு சண்டை போடலாம். அதனால் இந்த ஊசி நாய்க்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுக்கும் காப்பு.

எலிக்காய்ச்சல் உட்பட மற்ற நோய்களுக்கான கூட்டு ஊசியும், உண்ணிக்கு மருந்தும் அதே சமயத்தில் ஆயிற்று. ஊசி போட்ட சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அதைக் கேட்கிற இடங்கள் உண்டு.

நாளும் இடமும்

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை காயும். அதற்கு முன்பே போய் வந்துவிட வேண்டும் என்று ஏப்ரல் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகளுக்கும் பரீட்சை முடிந்திருந்தது.

எந்தக் கடற்கரை என்பதில்தான் தலைவலி. கோவளம் 2021-ல் நீலக்கொடி வாங்கிய கடற்கரை. சுத்தமான இடம். ஆனால் நாய் முதலான வளர்ப்புப் பிராணிகளைக் கடற்கரையில் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்த நீலக்கொடி விதிகளில் ஒன்று. நமக்குச் சரிவராது. மாமல்லபுரம் கோயில் பக்கம் எப்போதும் கூட்டம். திறந்த கடற்கரையில் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் அடித்துக்கொண்டு படுப்பதும் பாதுகாப்பில்லை. கடைசியில் என் நாத்தனார் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒருவரின் சவுக்குத் தோப்பு கிடைத்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில். நிழல், நல்ல தண்ணீர்க் கிணறு, சுற்றிலும் வேலி. நாயோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூன்றுதான். நாய் வருகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

எப்படிப் போவது?

ரயிலில் நாயை மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் எடுத்தால் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டுதான். அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டு போகிற வண்டியில் கூபேக்கு எங்கே போவது? பஸ்ஸும் ஒத்துவராது. வேன் பேசினோம். டிரைவரிடம் முதலிலேயே நாய் விஷயத்தைச் சொல்லி, பழைய ஜமக்காளம் ஒன்றைக் கீழே விரித்துவிட்டேன்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். கிளம்புமுன் மணிக்குச் சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். வயிறு நிறைந்திருந்தால் வண்டியில் வாந்தி எடுப்பான்.

வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். “அஞ்சு நிமிஷம்தானே, அவன் உள்ளேயே இருக்கட்டும்” என்றார் என் கணவர். நான் இறங்கவில்லை. வெயிலில் மூடிக்கிடக்கும் வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் சூடு பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான். மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். எனக்கு டீ வேனுக்கே வந்தது.

மணியின் மூட்டை

தண்ணீர்: சாதாரண நாளில் நாயின் எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லி என்று கணக்கு. கடலோர வெயிலில் அதைப் போல இரண்டு பங்கு வைத்துக்கொள்ளுங்கள். மணி 20 கிலோ. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் அவனுக்கென்றே தனியாக வைத்தேன்.

கயிறு: தோல் வார் எங்கள் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று சுற்றிலும் தோல் தொழில்தானே. ஆனால் உப்புத் தண்ணீரில் நனைந்து காய்ந்தால் தோல் விறைத்து வெடிக்கும்; கழுத்தை அறுக்கும். ஆகையால் நைலான் கழுத்துப்பட்டை, ஐந்து மீட்டர் நைலான் கயிறு. பட்டையில் எங்கள் போன் நம்பரை எழுதி வைத்தோம். கயிற்றை மரத்தில் கட்டுங்கள், கூடாரக் கம்பத்தில் வேண்டாம். நாங்கள் முதலில் கம்பத்தில்தான் கட்டினோம். ஒரு அணிலைப் பார்த்தான் மணி. கூடாரமே அவன் பின்னால் புறப்பட்டுவிட்டது!

சாப்பாடு: வெறும் சாதம், வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நான்கும் நாய்க்கு விஷம் மாதிரி. பிள்ளைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். சாம்பார் சாதத்தை அன்பாக ஊட்டிவிடுவார்கள்.

இவற்றோடு ஒரு பழைய துண்டு, பஞ்சு, டிங்சர், உண்ணி எடுக்க இடுக்கி, அவன் வழக்கமாகப் படுக்கும் சாக்கு. தன் வாசனை அடிக்கும் சாக்கு இருந்தால் நாய் புது இடத்திலும் தூங்கும்.

வெயிலும் உப்பும்

காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்துக்குப் பிறகு. கடற்கரைக்கு மணியைக் கூட்டிப் போகும் நேரம் இவ்வளவுதான். பகலில் கடல்காற்று வந்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் அது மத்தியானம் வெகுநேரம் தாழ்த்துத்தான் வரும். மணலில் உங்கள் வெறுங்காலை வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது.

நாய் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் பிடிக்கும். அதிகமானால் உயிருக்கே ஆபத்து. அதனால் கரைக்குப் போகுமுன் நல்ல தண்ணீர் வயிறார. திரும்பியதும் கிணற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டி, விரல் இடுக்கில் மணல் போக அலம்பிவிட வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனை வாயில் வைக்க விடக்கூடாது. வயிறு உப்பிப் பந்து போலக் கிடக்குமே, அதுதான். அதன் விஷம் காய்ந்தாலும், வேகவைத்தாலும் போகாது. ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

வெயில் தாக்கிவிட்டால் எச்சில் கெட்டியாகி ஒழுகும், ஈறு செக்கச் செவேலென்று இருக்கும், தள்ளாடும். நாய்க்கு இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் அபாயம். உடனே நிழலுக்குத் தூக்கி வந்து வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீரைப் புகட்டாதீர்கள், புரையேறும். ஊற்றிக்கொண்டே டாக்டரிடம் போக வேண்டும்.

நாய் யாரையாவது கடித்துவிட்டால், பிறாண்டினாலும்கூட, குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

கயிற்றை அவிழ்த்தேன்!

இத்தனையும் யோசித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை.

முதல் நாள் சாயந்திரம் கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. இரண்டு மூன்று நாட்டுப் படகுகள் மட்டும் கிடந்தன. ‘பாவம், கொஞ்சம் ஓடட்டும்’ என்று மணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். காற்றாய்ப் பறந்தான்! மேட்டு மணலில் இரண்டு இடத்தில் முன்னங்காலால் பள்ளம் பறித்தான். மூக்கெல்லாம் மணல். நாங்கள் சிரித்துச் சிரித்துப் போட்டோ எடுத்தோம்.

மறுநாள் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். “நேத்து நாயை அவுத்துவுட்டது நீங்களாம்மா? இப்ப ஆமைக் குஞ்சு வர்ற காலம். நாய் மோப்பம் புடிச்சா ஒரு குழி முட்டையும் போச்சு. கட்டியே வச்சிக்குங்க தாயி.”

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை நம் கிழக்குக் கரையில் ஏறி, மணலைத் தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். அதாவது நாம் கோடை விடுமுறைக்குப் போகும் அதே நாட்களில். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்துக் காக்கப்படுகிற பிராணி இது. 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து இந்த முட்டைகளைக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். 1988 முதல் சென்னை மாணவர்கள் அதைச் செய்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. தப்பி வந்து முட்டையிட்டது ஒன்றிரண்டு என்றால், அதையும் என் வீட்டு நாய் தோண்டவா?

ஓடிப்போய் அந்த இரண்டு பள்ளத்தையும் பார்த்தேன். வெறும் நண்டு வளைதான். அப்புறம்தான் மூச்சு வந்தது.

அன்று ராத்திரி எட்டரை மணி இருக்கும். பெரியவரின் பேரன் ஓடி வந்து, “அக்கா, லைட்டை அணைங்க!” என்றான். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து வழி தப்பிவிடுமாம். கூடாரத்து விளக்கு, டார்ச், போன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தோம். கொஞ்ச தூரத்தில் மணல் மெல்ல அசைந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் குஞ்சுகள், ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி இறங்கித் தண்ணீரைப் பார்த்து நகர்ந்தன. சின்னவள் முப்பத்தெட்டு வரை எண்ணினாள்.

மணி முனகினான், இழுத்தான். அவனைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் தெரியுமோ? என் மாமியார்தான். இரண்டு கையாலும் கழுத்துப்பட்டையைப் பிடித்து, மடியோடு அணைத்து, “சும்மா இருடா கண்ணு, அதுங்களும் புள்ளைங்கதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிக் குஞ்சு அலையில் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.

நாயோடு கடலுக்குப் போகும் சகோதரிகளே, ஊசி, தண்ணீர், நிழல் மூன்றையும் மறக்காதீர்கள். நாலாவதாகக் கயிறு. ஜனவரி முதல் மே வரை கடற்கரையில் அதை அவிழ்க்கவே வேண்டாம். ஓட வேண்டும் என்றால் வேலி போட்ட தோப்புக்குள் ஓடட்டும்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று, பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: “நாயையுமா இட்டுக்கினு போனீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் மாமியார் சொல்லிவிட்டார்: “ஆமாம்மா. அடுத்த வருஷமும் இட்டுக்கினு போவோம். கயிறு மட்டும் எங்கிட்ட இருக்கும்.”