ஹெர்ன்ஹூட்டில் ஓர் ஈஸ்டர் விடியல்

ரயில்வேயில் 37 வருடம் வேலை பார்த்தவன் நான். வண்டி தாமதமானதற்கு ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் தாமதமாக வந்தேன் என்று ஒருநாளும் யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை 2024ஆம் வருடம் மார்ச் 31ஆம் தேதி, ஜெர்மனியில், ஈஸ்டர் பண்டிகை அதிகாலையில் போயிற்று. வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டதால், அதையே எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் பொறையாறு. 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர். ஈஸ்டர் என்றால் அவளுக்கு மூன்று மணிக்கே விடிந்துவிடும். முதலில் கல்லறைத் தோட்டம், பிறகுதான் கோயில். மும்பைக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை அவள் விடவில்லை. இங்கே நம்மவர் கல்லறை ஒன்றும் இல்லாத காலத்திலும், யாரோ ஒருவருடைய கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவாள்.

2023 ஜூன் மாதம் அவள் திடீரென்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். ஒரே மகன் டிரெஸ்டனில் கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினீயர். செய்தி கேட்டு, விமானம் பிடித்து, அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. மழைக்காலம், காத்திருக்க வேண்டாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். சரி என்று தலையாட்டியவன் நான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வாராவாரம் போனில் சாப்பாடு, மாத்திரை, மழை பற்றிப் பேசிக்கொண்டோம்.

மறு வருடம் அவன் கூப்பிட்டதால் டிரெஸ்டன் போனேன். ஈஸ்டர் நெருங்கியதும் என் முகம் வாடியதைக் கவனித்திருக்க வேண்டும். "அப்பா, இங்கேயும் கல்லறைத் தோட்டத்தில் ஈஸ்டர் ஆராதனை நடக்கிற ஊர் ஒன்று இருக்கிறது, போகலாமா?" என்றான்.

அந்த ஊர்தான் ஹெர்ன்ஹூட். செக், போலந்து எல்லைகளுக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். மதத்தின் பேரால் துன்புறுத்தப்பட்டு மொரேவியாவிலிருந்து ஓடிவந்தவர்கள் 1722இல் சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் குடியேறி உண்டாக்கியது. ஹெர்ன்ஹூட் என்றால் 'கர்த்தரின் காவல்' என்று பொருள் கொள்ளலாம். 1732இல் இந்த ஊர் வாலிபர்கள் சிலர் ஈஸ்டர் விடியலில் கல்லறை மேட்டுக்குப் போய்ப் பாடினார்கள். அன்று தொடங்கிய வழக்கம் மொரேவிய சபைகள் போன தேசமெல்லாம் போயிற்று. நம் பக்கமும் அவர்கள் வந்திருக்கிறார்கள். சின்சென்டார்ஃப் காலமான அதே 1760ஆம் வருடம், இந்தச் சபையார் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்வது அவர்கள் எண்ணம். தீவுகளில் காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்து, 1787இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். பொறையாற்றுக்காரி இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பாள்!

ரயிலிலேயே போகலாம் என்றேன். லோபாவ் ஊரிலிருந்து ஹெர்ன்ஹூட் வழியாகச் செல்லும் பாதை 1848இல் போடப்பட்டது. பிரயாணிகள் வண்டி 1998இல் நின்றுவிட்டதாம். ஆகவே சனிக்கிழமை மகனுடைய காரில் போய் லோபாவில் தங்கினோம். "நீ அலாரம் வைக்காதே, நாலரைக்கு நான் எழுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு, என் பழைய ஹெச்.எம்.டி. கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

சொன்னபடி நாலரைக்கு எழுப்பினேன். மகன் தன் போனைப் பார்த்துத் திடுக்கிட்டான். மணி ஐந்தரை!

ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று இரவு இரண்டு மணியை மூன்று மணி என்று மாற்றிவிடுகிறார்கள். அந்த வருடம் ஈஸ்டரும் அதே ஞாயிறு. அவன் போன் தானாக மாறிக்கொண்டது. என் கடிகாரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? அந்த இரவில் ஓடும் ரயில்களும் ஒரே நொடியில் ஒரு மணி நேரம் தாமதமாகிவிடும். அன்று அந்த வண்டிகளோடு நானும் ஒருவன்.

ஹெர்ன்ஹூட் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் நடக்கும் முதல் பகுதி முடிந்து, சபையார் கல்லறைத் தோட்டத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். பித்தளை வாத்தியங்களின் ஓசை காதில் விழுந்த திசையில் ஓட்டமும் நடையுமாகப் போய், கடைசி வரிசையில் சேர்ந்துகொண்டோம். யாரும் எங்களை யாரென்று கேட்கவில்லை. ஒரு பாட்டி மட்டும் தன் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

அந்தத் தோட்டத்தைப் போல் ஒன்றை நான் கண்டதில்லை. நின்ற கல் இல்லை, சிலுவை இல்லை, படம் இல்லை. தரையோடு தரையாகப் படுத்த கற்கள், வரிசை வரிசையாக. பிரபு குடும்பத்தாரின் கல்லறைகள் மட்டும் நடுவில் சற்று உயர்ந்திருக்கின்றன. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடும்பவாரியாக அல்ல, இறந்த வரிசைப்படி அடக்கம் செய்வது அவர்கள் முறை. எனவே கணவனும் மனைவியும் கூடப் பக்கத்தில் இல்லை. எங்கள் கிராமத்துக் கோயிலில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் பாயில் உட்காருவது நினைவுக்கு வந்தது. ஆராதனைக்கு உட்கார்ந்த மாதிரியே இவர்களும் காத்திருக்கிறார்கள்.

சூரியன் எழும்பியது. போதகர் ஏதோ வாசித்துக்கொண்டு வந்தவர், இடைவெளி விட்டு விட்டுப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். "போன ஈஸ்டருக்குப் பிறகு இறந்தவர்கள்" என்று மகன் காதோடு சொன்னான். அந்தக் கணக்கில் அவளும் உண்டல்லவா? கடைசிப் பெயர் முடிந்ததும் அவள் பெயரை எனக்குள்ளேயே முணுமுணுத்தேன். அதே நேரத்தில் பக்கத்திலிருந்தும் அதே பெயர் மெதுவாகக் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காருக்குத் திரும்பும்போது அவன் கேட்டான்: "ஒரு நாள் எனக்காகக் காத்திருந்திருக்கலாமே, அப்பா?"

மழை, உறவினர், ஆஸ்பத்திரி என்று காரணங்கள் நாக்கு நுனி வரை வந்தன. தாமதத்துக்குக் காரணம் எழுதியே பழகியவன் அல்லவா! அன்று ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. "காத்திருந்திருக்கலாம், தம்பி. என் தப்புதான்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றோம்.

ஈஸ்டர் சமயத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பெரிய வெள்ளியும் ஈஸ்டருக்கு மறுநாள் திங்களும் ஜெர்மனியில் விடுமுறை. கடைகள் மூடியிருக்கும், பால், ரொட்டி சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். கடிகார மாற்றம் எந்த ஞாயிறு என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாஷை தெரியாதே என்று தயங்காதீர்கள், கடைசி வரிசையில் எப்போதும் இடம் உண்டு.

மும்பை திரும்பியதும், படம் பொறித்த பளிங்குக் கல்லுக்குக் கொடுத்திருந்த ஆர்டரை மாற்றினேன். தரையோடு படுத்த சாதாரணக் கல், அதில் பெயர், பிறந்த ஊர், இரண்டு தேதிகள் மட்டும். 2025 ஈஸ்டருக்கு மகன் லீவு போட்டுவிட்டு வந்தான். அன்று அதிகாலை நாலரைக்கு என்னை எழுப்பியவன் அவன்தான்.