கண் சிமிட்டினால்தான் வங்கிக் கணக்கா? - மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் சொல்வது என்ன?

வங்கிக் கணக்கு தொடங்க இப்போதெல்லாம் கியூவில் நிற்க வேண்டியதில்லை. செல்போன் கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் போதும். எதிரில் இருப்பது போட்டோ அல்ல, உயிருள்ள மனிதர்தான் என்று செயலி நம்பிவிடும். சரி, கண்ணைச் சிமிட்டவே முடியாதவர் என்ன செய்வார்?

2023-ல் பிரக்யா பிரசூனுக்கு இந்தச் சிக்கல்தான் வந்தது. ஆசிட் வீச்சில் முகமும் கண்களும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் அவர். கணக்கு தொடங்கப் போன இடத்தில், கண் சிமிட்டி ‘லைவ் போட்டோ’ எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அவரால் அது முடியாது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதேபோன்ற சிரமங்களைச் சொல்லி, பார்வையற்ற ஒருவர் போட்ட மனுவும் சேர்ந்துகொண்டது. 2025 ஏப்ரல் 30-ம் தேதி நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

மாற வேண்டியது அந்தப் பெண் அல்ல, செயலிதான் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்.

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. அதற்கு முந்தைய 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் எடுத்தது. இதில் 21 வகைகள். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அரசு வேலையில் 4 சதவிகிதம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவிகிதம் இட ஒதுக்கீடு. இதெல்லாம் ஓரளவுக்குப் பலருக்கும் தெரியும். பஸ் பாஸ், உதவித்தொகை பற்றியும் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. இந்தச் சட்டத்தில் அதிகம் பயன்படக்கூடியதும் அதுதான்.

‘நியாயமான ஏற்பாடு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஒரு மாற்றுத்திறனாளி மற்றவர்களைப்போலப் படிக்க, வேலை பார்க்க, சேவை பெறத் தேவையான சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து தருவது. மாடியில் நடக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளைக் கணினியில் ஏற்றித் தருவது, நின்று பார்க்கும் வேலைக்கு ஒரு ஸ்டூல் போடுவது... இப்படி. நிறுவனத்தால் தாங்கவே முடியாத சுமையாக இருந்தால் மறுக்கலாம். மற்றபடி மறுத்தால், அந்த மறுப்பே பாகுபாடு என்கிறது சட்டம். “பாவம், ஏதாவது பண்ணிக் கொடுங்க” என்று கேட்பவருக்கும், இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருப்பதில்லை.

‘சர்டிஃபிகேட்டில் 40 சதவிகிதம் இல்லையே, எனக்கு எதுவும் கிடைக்காதே’ என்று நினைத்து ஒதுங்குபவர்கள் ஏராளம். இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவிகிதம் வேண்டும், உண்மைதான். எல்லாவற்றுக்கும் அல்ல. விகாஷ் குமார் என்ற எம்.பி.பி.எஸ் பட்டதாரிக்கு, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்னை. 2018 சிவில் சர்வீஸ் தேர்வுக்கு, சொல்வதை எழுதும் உதவியாளர் கேட்டார். விதியில் இடமில்லை என்று மறுத்தது யு.பி.எஸ்.சி. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ‘மாற்றுத்திறனாளி’ என்பதும் ‘40 சதவிகிதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளி’ என்பதும் சட்டத்தில் வேறு வேறு. நியாயமான ஏற்பாடு முதல் வகையினருக்கும் உண்டு என்றது. அதைத் தொடர்ந்து, 40 சதவிகிதத்துக்குக் குறைவாக இருந்தாலும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கான தேர்வு வழிகாட்டுதலை 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்டது. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், விண்ணப்பம் போடும்போதே இதைக் கேட்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு அலைவது வீண்.

வீட்டுக்குள் நடக்கும் கதை

அலுவலகம், பள்ளி, வங்கி பற்றிப் பேசுகிற அளவுக்கு வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அப்பா இறந்த பிறகு பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எல்லோரும் போவார்கள். போலியோவில் கால் பாதிக்கப்பட்ட தம்பியிடமோ, காது கேளாத தங்கையிடமோ விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். “உனக்கெதுக்குப்பா சொத்து? காலம் முழுக்க நாங்க பார்த்துக்க மாட்டோமா?” என்பது அந்த நேரத்து வசனம். சொல்பவர் பாசத்தோடுகூடச் சொல்லலாம். ஆனால், பார்த்துக்கொள்வது வேறு, பங்கு வேறு.

உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி யாருடைய வாரிசுரிமையையும் பறிக்க முடியாது என்று 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே 28-வது பிரிவில் சொல்லிவிட்டது. 2016 சட்டத்தின் 13-வது பிரிவு, எந்த மதத்தவராக இருந்தாலும் சொத்தை வைத்துக்கொள்ளவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மற்றவர்களுக்குச் சமமான உரிமை தருகிறது. அதே பிரிவில் இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. ஒரு மாற்றுத்திறனாளிக்கு உதவியாக இருப்பவருக்கு, குறிப்பிட்ட சொத்து விவகாரத்தில் சொந்த லாபமும் இருந்து இருவரின் நலனும் மோதினால், அந்த விவகாரத்தில் அவர் உதவி செய்வதிலிருந்து விலகிவிட வேண்டும். பங்கு கேட்கும் அண்ணனே பத்திரத்தைப் படித்துக் காட்டி ‘இங்க கையெழுத்துப் போடு’ என்று சொல்லக் கூடாது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

தெருவில் நடப்பதற்கும் பிரிவு இருக்கிறது. பலர் முன்னிலையில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவாகப் பேசினால், 92-வது பிரிவின்கீழ் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் தமிழில் வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. குறைபாட்டையே பட்டப்பெயராக வைத்துக் கூப்பிடுவது மட்டும் இன்னும் பல ஊர்களில் போகவில்லை.

எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் கேட்டதற்கு வாயாலேயே ‘பார்க்கலாம்’ என்று பதில் வரும். நாளைக்கு எந்த ஆணையர் முன்பும் அதைக் காட்ட முடியாது. என்ன குறைபாடு, அதனால் எந்த வேலையில் என்ன சிரமம், என்ன ஏற்பாடு செய்தால் சரியாகும் என்று ஒரு பக்கத்தில், தமிழிலேயே எழுதலாம். தேதி போட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவுக்கும் இப்படித்தான். ரசீது இல்லாமல் திரும்பக் கூடாது.

அரசு அலுவலகம் என்றால், அங்கே குறைதீர்ப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 23-வது பிரிவு. வேலை தொடர்பான பாகுபாட்டுப் புகாரை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் வேலையைவிட்டு அனுப்பவோ, பதவியைக் குறைக்கவோ முடியாது; அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். இந்தப் பாதுகாப்பு பழைய சட்டத்திலும் இருந்தது. காலை இழந்ததால் பணியிலிருந்து அனுப்பப்பட்ட காவலர் குணால் சிங்கின் வழக்கில், 2003-லேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்திருக்கிறது.

தனியார் நிறுவனங்கள் விஷயத்தில் சட்டம் இத்தனை அழுத்தமாக இல்லை. சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. மேலே சொன்ன பணிப் பாதுகாப்பை அரசு நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்கிறது. சட்டத்தின் பெரிய ஓட்டை இது.

அடுத்த படி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆட்களை வரவழைக்க, ஆவணங்களைக் கேட்க சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் தருவது தீர்ப்பல்ல, பரிந்துரை. அந்தப் பரிந்துரைமீது எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால், ஏன் என்று அதே 3 மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால், அந்தக் கடிதம்தான் வழக்கின் முதல் ஆவணம்.

வக்கீலுக்குப் பணம்? 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.