நான்காங் கூறு

சென்ற விடுமுறையில் மூன்று கிழமை இலண்டன் மாநகரில் தங்க நேர்ந்தது. ஊர் பார்க்கச் சென்றேனல்லேன். மகன் குடும்பத்தோடு அங்கு வாழும் என் தமக்கையார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார் எனச் செய்தி வந்தது.

யான் போய்ச் சேருமுன்னரே அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. விழுந்த மறுநாளே செய்துவிட்டனர். தேர்ந்த வைத்தியர்கள், கனிவான தாதியர். "ஒருவரும் காசுப் பேச்சே எடுக்கவில்லை, தம்பி" என்றார் அக்கா. அவர் வியந்தது தகும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன். ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு இயல்பு கூறும் பரிமேலழகர், நோயாளிக்கு முதலாவதாக வைப்பது பொருளுடைமை. வகுப்பில் இதனைக் கற்பிக்குந்தோறும், ஏழைக்கு மருத்துவம் இல்லையோ என மாணவர் வினாவுவர். அந்த முதலியல்பை வேண்டாததாக்கியது பிரித்தானியரின் தேசிய சுகாதார சேவை. சுரங்கத் தொழிலாளியாயிருந்து அமைச்சரான அனியூரின் பெவன் 1948 யூலை 5ஆம் நாள் அதனைத் தொடக்கிவைத்தார். சிறு செயல் அன்று.

யான் சென்ற மறுநாள், அஃதாவது சிகிச்சை முடிந்த எட்டாம் நாள், அக்கா நடைச்சட்டத்தைப் பிடித்து யன்னல்வரை நடந்தார். வைத்தியர் பார்த்து, இனி வீடு செல்லலாம் என்றார். ஆனால் வீடு செல்ல இயலவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகின்றவர்கள். தூக்கி எழுப்பவும் குளிப்பாட்டவும் பகலில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை அனுப்புதல் வைத்தியசாலையின் கடமையன்றாம். உள்ளூராட்சி மன்றத்தின் கடமையாம். மன்றத்திடமோ ஆளில்லை. நோய் தீர்ந்தும் படுக்கை தீரவில்லை.

எதிர்ப்படுக்கையில் ஓர் ஆங்கில மூதாட்டி. அவரும் அவ்வாறே காத்திருப்பவர். தேடி வருவார் எவருமிலர். நாள்தோறும் என்னிடம் நேரம் என்ன என்று கேட்பார். அவர் கண்ணெதிரே சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

இதன் வேர் பழையது. அதே 1948 யூலை 5ஆம் நாளில் இன்னொரு சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அது முதியோரையும் தளர்ந்தோரையும் பேணும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்து, வசதியுள்ளோரிடம் கட்டணம் அறவிடச் செய்தது. எலும்பை ஒட்டுதல் இலவசம். ஒட்டியவரைக் குளிப்பாட்டுதல் அவரவர் சொத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சொத்துள்ளவர் பராமரிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்றல் வேண்டும். 2010 முதல் 2025 வரை இவ்வெல்லை உயரவேயில்லை. ஒருவர் தம் வாழ்நாளில் இதற்குச் செலுத்துவதற்கு உச்சவரம்பு வேண்டுமென 2011இல் டில்னொட் ஆணைக்குழு கூறிற்று. 2014இல் சட்டமும் ஆயிற்று. பன்முறை ஒத்திவைக்கப்பட்டு, 2024 யூலையில் கைவிடப்பட்டது. ஸ்கொத்லாந்து மாத்திரம் 2002 முதல் முதியோரின் உடற்பராமரிப்பை இலவசமாக்கியது.

பணம் இல்லாமலா? 2023–24 நிதியாண்டில் இங்கிலாந்தின் சுகாதாரச் செலவு 18,000 கோடி பவுணுக்கு மேல். எனினும் 2022–23 மாரிகாலத்தில், வீடு செல்லத் தகுதியிருந்தும் செல்லாதோர் நாளொன்றுக்குப் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் படுக்கைகளில் இருந்தனர். படுக்கை ஒழியாவிடின் அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பும். அது நிரம்பினால் நோயாளியோடு வந்த அம்புலன்ஸ் வாசலில் நிற்கும். அது நின்றால் வேறொரு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர் காத்திருப்பார். அவசரப் பிரிவுக்கு வருவோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவரை நான்கு மணி நேரத்துள் கவனித்தல் என்னும் விதி இறுதியாக நிறைவேறியது 2015 யூலையில். ஏனைய சிகிச்சைகளுக்கான காத்திருப்போர் பட்டியல் 2023 செப்டெம்பரில் ஏறத்தாழ 77 இலட்சத்தை எட்டிற்று. இவற்றுக்கு வேறு காரணங்களும் உள. யான் கண்ணாற் கண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதல் மூன்று கூறுகளுக்கும் கோடிகோடியாய்க் கொட்டிய நாடு நான்காமவருக்குக் கொடுப்பது சட்டம் விதித்த குறைந்த கூலியை ஒட்டிய ஊதியம். இப்பணிக்கு ஆள் போதாமையால் 2022இல் வெளிநாட்டாருக்குக் கதவு திறந்தனர். 2025 யூலையில் புதியவர்க்கு அதனை அடைத்தனர். பேணுவோனுக்குப் பரிமேலழகர் கூறும் முதலியல்பு நோயாளியிடத்து அன்பு. அன்பு கூலியால் வருவதன்று என்பர் சிலர். கூலி கொடாமையாலும் அது வருவதன்று.

யான் ஊர் திரும்பி மூன்றாங் கிழமையிலேதான் அக்கா வீடு சேர்ந்தார் என மருகன் தொலைபேசியிற் கூறினான். கிடந்த கிடையில் கால்கள் வலுவிழந்துவிட்டன. யன்னல்வரை நடந்தவர் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். காலையும் மாலையும் ஒரு பெண் வந்து கால்மணி நேரம் நின்று போகிறாளாம். பெயரைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ளுமுன் ஆள் மாறிவிடுகிறது என்றார் அக்கா.